ஆர்ம்ஸ் நானூறு, சப்போர்ட்டர்ஸ் இரண்டு

1

நூறு அடி நடந்த பிறகுதான் செருப்பைக் கால் மாற்றிப் போட்டிருப்பதைக் கவனித்தேன். நின்று மாற்றிக்கொள்ளவில்லை. காவல் நிலையத்து வாசலிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நான் நிற்பது தெரியக் கூடாது. தாம்பரத்திலிருந்து கேம்ப் ரோடு பக்கமாக, பதினொரு மணி வெயில் முகத்தில் அடிக்க, அப்படியே நடந்துகொண்டிருந்தேன்.

காலையில் என் சட்டைப் பையில் இரண்டு தாள்கள் இருந்தன. இப்போது ஒன்றும் இல்லை. ஒன்று எங்கள் குடும்பத்தின் பதிவுத் தாள். அகதியாக வந்து முகாமுக்கு வெளியே வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் வருடத்துக்கு ஒருமுறை அதில் சீல் வாங்க வேண்டும். மற்றது நான் வேலை செய்கிற கடையின் ஆர்டர் துண்டு. இரண்டையும் ரைட்டர் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

"இந்த சப்போர்ட்டர் யாருன்னு எழுதி, பெரிய மனுஷன் ஒருத்தர் கையெழுத்தோட கொண்டா. சாயங்காலம் வரைக்கும் நான் இங்கதான் கீறேன். அதுக்கப்புறம் இது மேல பூடும்" என்றார்.

மேலே போனால் எத்தனை வாரம் என்று கேட்கவில்லை. என் மகள் வதனி சேலையூரில் பதினோராம் வகுப்பில் தற்காலிகமாக உட்கார்ந்திருந்தாள். அந்த வருடச் சீல் விழுந்த தாளின் பிரதி மறுநாள் காலைக்குள் வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவதாகப் பள்ளி அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். மூன்றாவது தவணை அது. நான்காவது கிடையாது.

எந்த நிலையம் என்று நான் எழுதப் போவதில்லை. அங்கே யாரும் என்மேல் கை வைக்கவில்லை. உட்காரச் சொன்னார்கள். தண்ணீர்கூடக் கொடுத்தார்கள்.

2

ஊரில் சிறு பத்திரிகை நடத்துகிற நண்பர், வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி எழுது என்று கேட்டு ஒரு வருடமாகிறது. வெளிநாடு என்றதும் வாசிக்கிறவர்கள் பனியையும் நிலக்கீழ் ரயிலையும் எதிர்பார்ப்பார்கள். என் வெளிநாட்டுக்கு மன்னாரிலிருந்து படகில் சில மணி நேரம். இறங்கிய கரையிலும் தமிழ்தான். அதுதான் சிக்கலே. கனடாவில் இறங்கியவனுக்கு மொழி தெரியாது என்று எல்லோருக்கும் தெரியும். எனக்குத் தெரியாது என்று இங்கே யாரும் நம்புவதில்லை.

நாங்கள் கதைப்போம். இங்கே பேசுவார்கள். நாங்கள் பேசினால் அது ஏச்சு. இங்கே கதை என்றால் பொய். ஓம் என்று நாங்கள் ஒத்துக்கொள்வதை இவர்கள் கோயிலில் மட்டும் சொல்கிறார்கள். நான் ஃபோட்டோகொப்பி என்று கேட்ட கடையில் முதல் நாள் போட்டோ ஸ்டூடியோவுக்கு வழி காட்டினார்கள். இங்கே அது ஜெராக்ஸ். காவல் நிலையத்தில் எழுத்து வேலை பார்க்கிற காவலருக்கு ரைட்டர் என்று பெயர். அவர் கதை எழுதுவதில்லை. நம்முடையதைக் கேட்பார்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ராமேஸ்வரம், மண்டபம் முகாம், திருப்பூர், கொஞ்ச நாள் பெங்களூர் என்று அலைந்து, திருப்பூரில் கற்ற கம்ப்யூட்டர் எம்பிராய்டரியைக் கையில் வைத்துக்கொண்டு தாம்பரம் பக்கம் வந்து சேர்ந்தேன். ஓர் இடத்தில் மூன்று வருடத்துக்கு மேல் இருந்ததில்லை. யாரும் துரத்தியதில்லை. நானாகத்தான் கிளம்பினேன். வதனி வளர வளர அது முடியாமல் போயிற்று.

அவள் இங்கே பிறந்தவள் போலவே பேசுவாள். தோழிகளிடம் எங்கள் ஊர் ராமநாதபுரம் என்று சொல்லியிருக்கிறாள். என்னையும் என் மனைவியையும் ஒன்று கேட்டுக்கொண்டாள். "யாராவது கேட்டா ஆமான்னு சொல்லுங்க. ஓம் வேணாம்."

இந்த மாதம் மறுபடி சீலுக்குப் போக வேண்டும். அதனால்தான் போன வருடத்து நாள் நினைவுக்கு வந்தது. நண்பருக்குப் பனி இல்லாத ஒரு குறிப்பாக இதை எழுதி அனுப்புகிறேன்.

3

கடை பொழிச்சலூரில் இருந்தது. முதலாளி ஜமாலுதீன், எல்லோருக்கும் ஜமால் பாய். இரண்டு மெஷின், ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு ஊசி. பள்ளிக்கூட பேட்ஜ், ஓட்டல் சட்டைப் பை, ஜமாத் கொடி, ஐயப்பன் துணிப் பை எல்லாம் அதே ஊசிகளில்தான் வந்தன. தலைக்கு மேல் விமானம் இறங்கும்போது பேச்சை நிறுத்தி, அது போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவது அந்த ஊர்ப் பழக்கம். எனக்கு அது பிடித்திருந்தது. பதில் யோசிக்க நேரம் கிடைக்கும்.

படப்பையில் ஒரு புதுப் பள்ளி. சுதந்திர தினக் கொடியேற்றத்துக்குப் பிள்ளைகள் எல்லோர் சட்டையிலும் பேட்ஜ் வேண்டும் என்றார்கள். சின்னத்தை நகரத்தில் ஒரு விளம்பரக் கம்பெனி வரைந்து கொடுத்திருந்தது. நடுவில் கேடயம். அதில் புத்தகமும் விளக்கும். கேடயத்தின் இரண்டு பக்கமும் பின்னங்காலில் எழுந்து நின்று அதைப் பிடித்திருக்கும் இரண்டு மிருகங்கள்.

முதல் படத்தில் அவை புலிகள்.

"பாய், இது புலி வேண்டாம்" என்றேன்.

"ஏன் அண்ணா, சூப்பராத்தானே கீது."

விமானம் ஒன்று போயிற்று. "வரி நிறைய. நூல் அடிக்கடி அறும்" என்றேன்.

பாய் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பள்ளிக்கு போன் போட்டு, மஞ்சள் நூல் விலையைப் பற்றி ஏதோ சொன்னார். புலி மானானது. நான் கவனமாக இருந்துவிட்டேன் என்று நினைத்தேன்.

விளம்பரக் கம்பெனியில் யாரோ படித்தவர் இருந்திருக்கிறார். இப்படிப்பட்ட சின்னங்களுக்கு உரிய சரியான ஆங்கிலச் சொற்களை ஆர்டர் துண்டில் போட்டிருந்தார். தமிழ் எழுத்தில் எழுதினால் அது இப்படி இருக்கும்: ஆர்ம்ஸ் நானூறு. சப்போர்ட்டர்ஸ் இரண்டு, பக்கத்துக்கு ஒன்று. படப்பையில் டெலிவரி. ஆகஸ்ட் பதினைந்துக்கு முன்.

துண்டின் பின்பக்கம் நான் வாங்க வேண்டிய நூல்களின் கலர் எண்களைக் குறித்திருந்தேன். தாம்பரம் மார்க்கெட்டில் நூல் வாங்கும் வழியில் சீலையும் வாங்கிவிடலாம் என்று பதிவுத் தாளையும் அதே பையில் மடித்து வைத்தேன்.

4

பதிவுத் தாளை இழுத்தபோது துண்டும் கூடவே வந்து மேசையில் விழுந்தது. ரைட்டர் எடுத்துப் படித்தார். பிறகு எழுத்துக் கூட்டி இன்னொரு முறை, வாய்விட்டுப் படித்தார்.

"இன்னாய்யா இது?"

"கடை ஆர்டர் சார். பேட்ஜ்."

"பேட்ஜுன்னு எங்க கீது? ஆர்ம்ஸுன்னு கீது. நானூறு."

"அது கேடயம் சார். பள்ளிக்கூடச் சின்னம்."

"சரி. சப்போர்ட்டர் ரெண்டு பேரு. யார் அவங்க?"

"மான் சார்."

"மானா?"

"ஓம்."

பக்கத்து மேசைக் காவலர் தலையைத் தூக்காமல் சொன்னார். "மந்திரம் சொல்லறாரு சார். தீபாராதனை காட்டிடலாமா?"

ரைட்டர் சிரிக்கவில்லை. துண்டைத் திருப்பினார். "இது இன்னா நம்பரு? போன் நம்பரா?"

"நூல் சார்."

"நூலு விடறியா எங்கிட்ட?"

"சார், நான் கொஞ்சம் விளக்கமாக் கதைக்கலாமோ?"

"இவ்ளோ நேரமா அதானே விட்டுகினு கீற."

அந்த வருடம் ஊரில் சண்டை மறுபடி தொடங்கியிருந்தது. ஆகஸ்ட் பதினைந்து நெருங்கினால் இங்கே லாட்ஜ், ரயில் நிலையம், பஸ் எல்லாவற்றிலும் சோதனை நடக்கும். அந்த நேரத்தில் ஒரு சிலோன்காரன் சட்டைப் பையில் நானூறு ஆர்ம்ஸோடும் இரண்டு சப்போர்ட்டரோடும் தானாக நிலையத்துக்கு வந்து நிற்கிறான். நான் அவர் இடத்தில் இருந்தாலும் தாளை வாங்கி வைத்திருப்பேன். சப்போர்ட்டர் என்ற சொல்லுக்கு எங்கள் விஷயத்தில் ஓர் அர்த்தம்தான் இருந்தது. அந்த அர்த்தத்துக்காகச் சிறையில் இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

நிலையத்தை அடுத்த மருந்துக் கடையில், செருப்பைக் கழற்றிவிட்டு ஏறும் படியில், ஒரு ரூபாய் போட்டுப் பேசுகிற போன் இருந்தது. பாயைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னேன். படத்தை எடுத்துக்கொண்டு ஒருமுறை நிலையத்துக்கு வர முடியுமா என்று கேட்டேன். அந்தப் பக்கம் மெஷின் சத்தம் நின்றது. அவர்தான் நிறுத்தியிருக்க வேண்டும்.

"கடைப் பேரு சொன்னீங்களா அண்ணா?"

"இல்லை. துண்டிலும் இல்லை."

"அல்ஹம்துலில்லாஹ்." குரலை இறக்கினார். "நான் வந்து நின்னா இன்னா ஆகும்னு நீங்களே யோசிங்க. பாக்கெட்ல ஆர்ம்ஸ் வெச்சிருந்தவரு சிலோன். அவரு மொதலாளி பேரு ஜமாலுதீன். அவங்களுக்கு அன்னிக்கு வேற வேலையே வேணாம்."

"விளங்குது பாய்."

"ஸ்கூல்காரங்களைக் கேட்டுப் பாக்கறேன்" என்றார். ஒரு ரூபாய் தீர்ந்துபோயிற்று.

அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் நல்லதோ என்று பின்னால் நினைத்திருக்கிறேன். அன்று எதுவுமே வரவில்லை. செருப்பை அங்கேதான் கால் மாற்றிப் போட்டேன்.

5

கேம்ப் ரோட்டில் சவரி சாரின் ஜெராக்ஸ் கடை. பெயர் சவரிமுத்து. பாதிரியாராவதற்குப் படிக்கப் போய் ஆறு வருடம் லத்தீன் படித்தவர். ஏன் பாதிரியாராகவில்லை என்று யாராவது கேட்டால், உள்ளே லேமினேஷன் போட்டுக்கொண்டிருக்கும் மனைவியைக் கையால் காட்டுவார். எங்கள் பதிவுத் தாளை வருடா வருடம் அவர்தான் பிரதி எடுத்துக் கொடுப்பார். எனக்குத் தெரிந்த பெரிய மனிதர் அவர் ஒருவர்தான்.

"சார், சப்போர்ட்டர் என்றால் என்ன?"

"எந்த டீமுக்கு?"

நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"செமினரிக்கு எந்த பிஷப் வந்தாலும் அவர் கேடயத்தை நான்தான் வரைஞ்சு கலர் அடிப்பேன். ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு பேர் உண்டு. ரெண்டு பக்கமும் கேடயத்தைப் பிடிச்சிட்டு நிக்கிறதுக்குப் பேர்தான் சப்போர்ட்டர். சிங்கமா இருக்கலாம், குதிரையா இருக்கலாம், மனுஷனாவும் இருக்கலாம். ஆனா நான் வாயால சொன்னா ரைட்டர் கேக்க மாட்டாரு. புக்கைக் காட்டணும். புக்கு இருக்கு. ஒரு பிரச்சினை."

பிரச்சினை என்னவென்றால் அந்த லத்தீன் அகராதி ஜெராக்ஸ் மெஷினுக்கு அடியில் இருந்தது. தரை சரிவு. ஒரு கால் எட்டாமல் மெஷின் ஆடியது என்று நாலு வருடம் முன்பு அதை அடியில் கொடுத்திருந்தார்.

"நீங்க தூக்குங்க. நான் உருவறேன்."

மூலையில் குந்தி, இரண்டு கையையும் மெஷினுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினேன். அவர் புத்தகத்தை உருவினார். அட்டை பிய்ந்து மெஷினிலேயே ஒட்டிக்கொண்டது. அவர் தரையில் உட்கார்ந்து விரலை நக்கிப் பக்கம் திருப்ப ஆரம்பித்தார். மெஷினை இறக்கலாம் என்று அவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"இதோ. சுப். அதாவது அடியில, கீழேர்ந்து. போர்த்தாரே. சுமக்கறது. சுப், போர்த்தாரே ரெண்டும் சேர்ந்தா சுப்போர்த்தாரே. முன்னாடி இருக்கற B, பின்னாடி இருக்கற P-யைப் பாத்து அதுவும் P-யா மாறிக்கும். தமிழ்ல எழுதினா அந்த வித்தியாசமே தெரியாது, நமக்கு ரெண்டும் ப் தான்." இன்னும் கொஞ்சம் படித்தார். "பழைய லத்தீன்ல படைக்குத் தானியம் கொண்டுபோய்ச் சேக்கறதுக்கு இந்த வார்த்தையைப் போட்டிருக்கான். பாத்தீங்களா? சண்டை போடறவன் இல்ல. மூட்டை தூக்கறவன்."

என் கண்ணுக்கு நேரே சுவரில், அவர் கடையில் எடுத்த விளம்பரப் பிரதி ஒன்று ஒட்டியிருந்தது. கண்ணாடிக் கடைக்குத் தூக்க ஆள் தேவை. படிப்பு அவசியமில்லை. குந்தியிருந்த நேரம் முழுக்க அதையே திரும்பத் திரும்பப் படித்தேன்.

"அப்புறம் இங்கிலீஷ்காரன் எடுத்துக்கிட்டான். கேடயத்தைத் தாங்கி நிக்கறதுக்கு அந்தப் பேரை வெச்சான். எக்ஸ்போர்ட், இம்போர்ட், ஸ்டேஷன் போர்ட்டர் எல்லாம் இதே போர்த்தாரே."

"டிபோர்ட், சார்?"

அவர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினார்.

"அதுவும்தான்" என்றார். "டி, லத்தீன்ல தே. விட்டுன்னு அர்த்தம். தூக்கி அப்பால கொண்டுபோய் விடறது. வேரு ஒண்ணுதான். முன்னால ஒட்டறதுதான் வேற."

"சார், இறக்கட்டோ?"

"ஐயோ, இன்னும் பிடிச்சிட்டா இருக்கீங்க? இறக்குங்க இறக்குங்க." பிறகு மெஷினையும் என்னையும் பார்த்துச் சிரித்தார். "ரைட்டருக்கு உங்களையே கூட்டிட்டுப் போய்க் காட்டலாம்."

அகராதியின் இடத்தில் பழைய டெலிபோன் டைரக்டரியைக் கொடுத்தோம். உயரம் சரியாக இருந்தது. அந்தப் பக்கத்தைப் பிரதி எடுத்தார். கீழே தமிழிலும் ஆங்கிலத்திலுமாக ஒரு கடிதம் தட்டினார்.

"ஆர்ம்ஸுக்கும் எழுதவா? லத்தீன்ல ஆர்மா. தளவாடம்னு அர்த்தம், கருவின்னு அர்த்தம். ஆயுதம்னும் அர்த்தம்."

"வேண்டாம் சார்."

"ஆமா, வேணாம். கேடயம்னு மட்டும் போடறேன்." தட்டி முடித்து ரப்பர் ஸ்டாம்பை ஊதிக் குத்தினார். ஜெராக்ஸ், டைப்பிங், லேமினேஷன், அதற்குக் கீழே புரொப்ரைட்டர். "பெரிய மனுஷன் கையெழுத்து கேட்டாருல்ல. இதான் நம்மகிட்ட இருக்கற பெரிசு."

நான் கிளம்பும்போது கதவுவரை வந்தார். "இன்னொண்ணு. இந்த சப்போர்ட்டர் எல்லாருக்கும் கிடையாது. ராஜா, பிரபு, பெரிய நகரம், அவங்களுக்குத்தான். பிஷப்புக்கேகூட இல்லை. சாதா ஆளுக்கு வெறும் கேடயம். அதைத் தாங்க ஆள் வெச்சுக்கறதுக்கு அனுமதி வேணும்."

6

படம் இல்லாமல் கடிதத்தை மட்டும் கொண்டுபோக மனம் வரவில்லை. முதல் முறை ஓட்டிப் பார்த்ததில் ஒரு மானுக்குக் காது விழாமல் போன பேட்ஜ் ஒன்றை, வெட்டாத துணியோடு, வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். அதை எடுக்க வீட்டுக்குப் போனேன், மனைவி அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இந்த நேரத்தில ஏன் வந்தனீங்கள்? சீல் போட்டவங்களோ?"

"அந்த மான் பேட்ஜ் எங்க?"

"அது சட்டி இறக்கிற துணியெல்லோ." அடுப்பங்கரையில் ஆணியில் தொங்கியதை எடுத்துக்கொடுத்தாள். நல்ல கனமான துணி, சூடு கையில் தெரியாது, அதனால் வைத்துக்கொண்டிருக்கிறாள். மஞ்சளும் கரியும் ஏறியிருந்தது. கழுவித் தரட்டுமா என்றாள். காய நேரமில்லை என்றேன். வேறு எதுவும் அவள் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதை நாங்கள் இருவரும் நன்றாகப் பழகிவிட்டோம்.

ரைட்டர் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார். முதலில் துணியை வாங்கி விரித்தார்.

"இதான் உன் ஆர்ம்ஸா?"

இந்த முறை கவனமாக இருந்தேன். "ஆமா சார்."

"இந்த ரெண்டும்தான் சப்போர்ட்டர்."

"ஆமா சார்."

"ஒண்ணுக்குக் காது எங்க?"

"பழுதாப் போச்சு சார். அதனாலதான் வீட்டுக்கு வந்தது."

பக்கத்து மேசைக் காவலர் எழுந்து வந்து பார்த்தார். "நம்ம வூட்டுல இத்த மாரி ஒண்ணு கீது சார். அதுல சப்போர்ட்டுக்கு வாத்து." இந்த முறை ரைட்டர் சிரித்தார். என் உடம்பிலிருந்து ஏதோ இறங்கியது என்று எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவர் சிரிப்பது முடியட்டும் என்று காத்திருந்தேன்.

கடிதத்தைப் படித்தார். அகராதிப் பக்கத்தை விரலால் வரி வரியாகத் தொட்டுக்கொண்டு போனார்.

"இது இன்னா பாஷை?"

"லத்தீன் சார்."

"யார் பேசறாங்க?"

"இப்ப ஒருத்தரும் பேசறதில்ல."

"அப்ப தப்புன்னு சொல்ல எவனும் வரமாட்டான்." ஸ்டாம்பை மையில் அழுத்தி எங்கள் தாளில் குத்தினார். ஆர்டர் துண்டை நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டார். சவரி சாரின் கடிதத்தைத் துளை போட்டுக் கோப்பில் வைத்துக்கொண்டார். துணியைத் திருப்பிக் கொடுத்தபோது விரல்களை மோந்து பார்த்தார்.

"மீன் குழம்பா?"

"ஆமா சார்."

"இனிமே பாக்கெட்ல இங்கிலீஷ் வெச்சுகினு இங்க வராத."

7

சாயங்காலம் பொழிச்சலூர் போனேன். நான் வருவதற்கு முன்பாகவே பாய் எனக்கும் டீ சொல்லியிருந்தார். மெஷினில் படப்பை வேலைதான் ஓடிக்கொண்டிருந்தது. பாயின் மச்சான் உட்கார்ந்து ஓட்டினார். துணியில் கேடயம் மட்டும் வந்துகொண்டிருந்தது. இரண்டு பக்கமும் வெறுமை.

"ஸ்கூல்காரங்ககிட்ட சொன்னேன்" என்றார் பாய். "அவங்க பயந்துட்டாங்க. மானே வேணாம், எடுத்துடுங்கன்னுட்டாங்க. நூலும் மிச்சம், டைமும் மிச்சம்."

சீல் கிடைத்துவிட்டது என்றேன். பாய் இரண்டு கையையும் முகத்தில் தடவிக்கொண்டார். உண்மையாகவே அவருக்குச் சந்தோஷம்.

"அண்ணா..." என்று ஆரம்பித்தார். விமானம் வந்தது. இருவரும் காத்திருந்தோம். அது இறங்கி முடிந்த பிறகும் அவர் விட்ட சொல்லை எடுக்கவில்லை. நான்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"ஆகஸ்ட் முடியட்டும் பாய்" என்றேன்.

"ஆமா அண்ணா. ஆகஸ்ட் போகட்டும். அப்புறம் பாக்கலாம்."

இந்த ஊரில் அப்புறம் பார்க்கலாம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். அதற்கு லத்தீன் தேவையில்லை. என்னிடம் இருந்த கடைச் சாவியை மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை. நான் படியிறங்கும்வரை அது அங்கேயே இருந்தது.

வீட்டுக்கு வரும் வழியில் பிரதி எடுத்தேன். வதனி வாசலிலேயே கையை நீட்டினாள். விளக்கு வெளிச்சத்தில் சீலைச் சாய்த்துப் பார்த்தாள்.

"என்ன கேட்டாங்கப்பா?"

"சப்போர்ட்டர் என்றால் என்ன என்று கேட்டாங்கள்."

அவள் முகம் மாறியது. அந்தச் சொல்லின் எங்கள் அர்த்தம் அவளுக்கும் தெரிந்திருக்கிறது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. ராமநாதபுரம் என்று சொல்லிக்கொண்டிருந்த பிள்ளை.

"நீ என்ன சொன்ன?"

"மான் என்று சொன்னேன்."

சீலை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு பிரதியைப் புத்தகப் பைக்குள், ஒரு நோட்டுக்கு நடுவில் வைத்தாள். "நாளைக்கு நானே குடுத்துக்கறேன். நீங்க ரெண்டு பேரும் வராதீங்க, சரியா?"

"சரி."

"நீ நாளைக்கு வேலைக்குப் போவல்ல?"

"போவேன்" என்றேன்.

8

கண்ணாடிக் கடை தாம்பரத்திலிருந்து படப்பை போகிற சாலையில் இருந்தது. ஒரகடம் பக்கம் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்ததால் நாலு மாதமாக ஆள் போதவில்லை என்று முதலாளி சொன்னார். பெயரைக் கேட்டார். சொன்னேன். தாள் எதுவும் கேட்கவில்லை. என் கைகளை மட்டும் திருப்பிப் பார்த்தார்.

"ஊசி வேலை செஞ்ச கையா? பரவாயில்ல. கேட்டுக்க. கண்ணாடியை எப்பவும் படுக்கப் போட்டுத் தூக்கக் கூடாது, தன் கனத்துல தானே உடையும். நிறுத்தித்தான் கொண்டுபோகணும். ரெண்டு பக்கமும் ஆள். பக்கவாட்டுல புடிச்சா நழுவும். ஒரு கையை அடியில குடுக்கணும். கீழேர்ந்து தாங்கணும். தெரிஞ்சுதா?"

தெரிந்தது என்றேன்.

கூட்டாளி ஏழுமலை. கோவளம் பக்கத்து மீனவன். கடலில் வருமானம் இல்லாமல் இங்கே வந்து இரண்டு வருடமாகிறதாம். லுங்கியை மடித்துக் கட்டி, பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிக் கையுறை போல் சுற்றியிருந்தான். எனக்கும் ஒரு துண்டு கொடுத்தான்.

கண்ணாடி ஆள் உயரம் இருந்தது. ஒரு விளிம்பில் நான். மறு விளிம்பில் அவன். குனிந்து அடியில் கை கொடுத்தோம். கண்ணாடி வழியாக அவன் முகம் கொஞ்சம் பச்சையாகத் தெரிந்தது.

"எந்த ஊருண்ணா?"

"மன்னார்."

"அது எங்க கீது?"

"கடலுக்கு அந்தப் பக்கம்."

"நம்ம கடலுக்கா?" என்று கேட்டான். பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "சரி, நான் மூணு எண்ணுவேன். வுட்டுட மாட்டியே? தூக்கலாமா?"

"ஓம்" என்றேன்.

அவன் எண்ணத் தொடங்கினான்.